ஊசிக்கு முன்

கழுத்துக் கட்டிகளில் பல இப்போது வேறு எதையோ தேடும்போதுதான் அகப்படுகின்றன. தோள்வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கு எடுத்த சி.டி., இதய டாக்டர் எழுதிக்கொடுத்த டாப்ளர் என்று ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் வந்து நிற்கின்றன. எனக்குத் தலைசுற்றல் இருந்தது. கழுத்து ரத்தக் குழாய்களைப் பார்க்கச் சொன்னார்கள். குழாய்களில் குறையில்லை. அறிக்கையின் கடைசியில் மட்டும், தைராய்டின் வலது பக்கத்தில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி, டி.ஆர்.4, எஃப்.என்.ஏ.சி. செய்து, அதாவது ஊசி குத்திச் செல்களை எடுத்து, பார்க்கவும் என்று இருந்தது. விரலுக்குத் தட்டுப்படாத கட்டி. வலி இல்லை, விழுங்கத் தடை இல்லை, குரலில் மாற்றம் இல்லை. அந்தத் தாளைப் படிக்கும்வரை எனக்கு நோய் என்று ஒன்று இல்லை.

டி.ஆர். என்பது அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வகுத்த மதிப்பெண் முறை. கட்டி நீர் கோத்ததா, திடமானதா. சுற்றியுள்ள சதையைவிடக் கருத்துத் தெரிகிறதா. அகலத்தைவிட உயரம் கூடுதலா. விளிம்பு வழுவழுப்பா, பிசிறா. உள்ளே மணல் தூவினாற்போல வெண்புள்ளிகள் உண்டா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிக்கிறார்கள். மூன்றாம் வகைக் கட்டி 2.5 செ.மீ. ஆகும்வரை ஊசி வேண்டாம். நான்காம் வகைக்கு 1.5 செ.மீ.யில் ஊசி. ஐந்தாம் வகைக்கு 1 செ.மீ.யிலேயே. என் கட்டி 4 மில்லிமீட்டர் சிறியதாக இருந்திருந்தால் இப்போதைக்கு யாரும் ஊசியைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். இந்த எல்லைக்கோடுகளைக் கட்டி போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பேரைக் குத்தலாம், எத்தனை பேரைக் குத்தாமல் விடலாம் என்று மனிதர்கள் கூடிப் பேசிப் போட்டவை அவை. அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றிரவு கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியாக இருந்ததும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. “தைராய்டு நார்மல்னு வந்துட்டே, பிறகு என்ன?” என்றார் கணவர். டி.எஸ்.எச். சொல்வது சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை மட்டும். அதற்குள் வளர்ந்திருப்பது என்ன என்று அது சொல்லாது. சொல்லப்போனால் டி.எஸ்.எச். குறைந்திருந்தால்தான் கட்டியே அளவுக்கு மீறிச் சுரக்கிறதோ என்று வேறொரு ஸ்கேன் எடுப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டிகளில் புற்று மிக அரிது, ஊசி தேவைப்படுவதில்லை. ரத்தம் சரியாக இருந்ததால்தான் எனக்கு ஊசிக்கு வழி திறந்தது. இதை அவரிடம் விளக்கி, கிடைத்த ஆறுதலைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

மைனி (அண்ணி) மட்டும் ஊசிக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “சும்ம கெடக்கதக் கெளறாண்டாம் மக்களே. ஊசி பட்டா அது எளகிப் பரவிரும்” என்றார்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுக்க இந்தப் பேச்சு உண்டு. படித்தவர்கள் வீட்டிலும் உண்டு. இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு முடியாது. ஏனென்றால் மைனி அதை எங்கிருந்து கற்றார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புண் வந்தது. வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். மாதக்கணக்கில் வீட்டு மருந்து. திருவனந்தபுரத்துக்கு, ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது வாயைத் திறக்க முடியாத நிலை. அங்கே சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. மைனி தன் கண்ணால் கண்ட வரிசை இது: புண் இருந்தது, அம்மாவும் இருந்தார், சதை எடுத்தார்கள், அம்மா போய்விட்டார். காலம் கடந்து போனவர்களுக்கு மருத்துவமனையில் நடக்கும் முதல் காரியம் பயாப்சி. அதையடுத்து வருவது மரணம். ஒரு தலைமுறை முழுவதும் இந்த வரிசையைத்தான் பார்த்தது. முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டது. தைராய்டில் குத்துவது ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. அந்தத் தடம் வழியாகப் புற்று பரவுவது மிக மிக அரிது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் மைனியின் அம்மாவைப் பற்றிப் பேசாமல் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னால் அது அவர் காதில் ஏறாது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையும் ஒரு வீட்டுச் சாவில் தொடங்கியதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அதன்பின் 30 வருடங்களுக்கு மேல் அவர் விடவில்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவர்கள் எல்லோரும் ஊருக்கு ஊர் சொன்னது ஒரே செய்திதான்: பயப்படாதீர்கள், சீக்கிரம் வாருங்கள், சீக்கிரம் வந்தால் பிழைக்கலாம். கர்ப்பப்பை வாயிலும் மார்பிலும் வாயிலும் வரும் புற்றுக்கு அது முற்றிலும் உண்மை. மைனியின் அம்மா சீக்கிரம் போயிருந்தால் இருந்திருப்பார். இந்தப் பாடம் நம் மக்களிடம் போய்ச் சேர அரை நூற்றாண்டு ஆயிற்று, இன்னும் பல இடங்களில் சேரவில்லை. அதன்மேல் கை வைப்பதுபோல ஒரு சொல்லைக்கூடச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். தைராய்டில் அந்தப் பாடம் அப்படியே செல்லவில்லை.

பின்லாந்தில் ஹராக் என்ற நோயியல் மருத்துவரும் கூட்டாளிகளும் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேறு வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக அரிந்து பார்த்தபோது, நூற்றுக்கு 35-க்கும் மேற்பட்டவர்களிடம் பாப்பிலரி வகைப் புற்று இருந்தது. பெரும்பாலும் சில மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. அந்த மனிதர்கள் அதோடு வாழ்ந்து, அதை அறியாமல், வேறெதனாலோ இறந்திருக்கிறார்கள். இந்த எண்ணை முதலில் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மூன்றில் ஒருவர். எங்கள் தெருவில், கோயில் திருவிழாவில், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் கழுத்தில் அது அசையாமல் கிடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பின்லாந்தின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புற்று என்றால் தொடங்கிய கணம் முதல் ஆளைத் தின்றுகொண்டே போவது என்ற ஒரே படம்தான் என் மனத்தில் அதுவரை இருந்தது. அந்தப் படத்தில் இந்த 101 பேருக்கு இடமில்லை.

தென்கொரியா இதை ஒரு நாட்டு அளவில் நடத்திக் காட்டியது. 1999-இல் அங்கே அரசின் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் வந்தது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் போன இடத்தில் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து தந்தார்கள். மக்கள் செய்துகொண்டார்கள். 2011-இல் தைராய்டுப் புற்று கண்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆயிற்று. அந்த ஒரே வருடத்தில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்று என்று சொல்லப்பட்டது. ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை. இத்தனை பேரைக் ‘காப்பாற்றிய’ பிறகு சாவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அது முன்பும் வருடத்துக்கு 300-லிருந்து 400 பேர், பின்பும் அப்படியே. 2014-இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலரே சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அந்த 40,000 பேரில் ஒருவராக என்னை வைத்துப் பார்க்கிறேன். அவருக்குக் கழுத்தில் தழும்பு உண்டு, தினமும் மாத்திரை உண்டு, ‘நான் கேன்சரிலிருந்து பிழைத்தவர்’ என்ற நினைப்பு உண்டு. அந்த நினைப்பு பலருக்கு நன்றியாகவும் சிலருக்கு வாழ்நாள் பயமாகவும் இருக்கும். அவருக்கு அந்த அறுவை தேவைப்பட்டதா என்பதை அவருடைய உடம்பில் இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தின் கணக்கில் மட்டுமே தெரிகிற ஒரு தீங்கு அது. தீங்கு நேர்ந்தவர் தன்னைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

இதற்கெல்லாம் முன்பே ஒருவர் வேறு விதமாக யோசித்திருந்தார். ஜப்பானில் கோபே நகரத்தின் குமா மருத்துவமனை தைராய்டுக்கென்றே பெயர்பெற்றது. அங்கே 1993-இல் அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர், 1 செ.மீ.க்குள் உள்ள, ஆபத்துக் குறி இல்லாத பாப்பிலரிப் புற்றை வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று முன்மொழிந்தார். ஊசியில் புற்று என்று உறுதியான பிறகு, வெட்டாமல். அன்றைக்கு ஒரு சர்ஜன் இதைச் சொல்ல எவ்வளவு திடம் வேண்டியிருந்திருக்கும். 2014-இல் அவர்கள் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். 10 வருடங்களில் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு. நெறிக்கட்டிகளுக்குப் பரவியது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. வயதானவர்களிடம் வளர்ச்சி இன்னும் குறைவு. வளர்ந்தவர்களுக்கு அப்போது அறுவை செய்தார்கள், போதுமானதாக இருந்தது. தைராய்டுப் புற்றால் ஒருவரும் சாகவில்லை.

என் கட்டி 1.8 செ.மீ. கோபேயின் அளவுகோலுக்குள் அது வராது. எனவே இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஊசியிலிருந்து தப்பிக்க நான் நினைக்கவில்லை. எனக்கு அவை வேறொன்றைத் தந்தன. ‘புற்றா, இல்லையா’ என்பதே கேள்வி என்று நினைத்திருந்தேன். ‘புற்றாக இருந்தால் எந்த மாதிரியானது, அதை என்ன செய்யப்போகிறோம்’ என்பதே கேள்வி என்று மெல்ல விளங்கியது. முதல் கேள்வி ஆளை உறைய வைக்கிறது. இரண்டாவதை வைத்துக்கொண்டு டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்.

காரணம் தேடுகிற மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கழுத்தில் கட்டி என்றாலே அடுத்த சொல் ‘மணல்’. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் உண்டு; அதில் தோரியம் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அவர் காலத்தில் கேஸ் விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. இன்றும் மணல் எடுப்பதை எதிர்த்து எங்கள் கடலோர ஊர்கள் போராடிக்கொண்டிருக்கின்றன. கடல் அரிப்பும் நிலமும் பிழைப்பும் அந்தப் போராட்டத்தில் இருக்கின்றன. நான் அதை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கட்டிக்கும் அந்த மணலுக்கும் முடிச்சுப் போட என்னிடம் சான்று இல்லை. கேரளத்தில் இதே போன்ற மணல் உள்ள கருநாகப்பள்ளியில், கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரி 10 வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அங்கே மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

தைராய்டைக் கதிர்வீச்சு தாக்கியதற்குத் திட்டமான சாட்சியம் செர்னோபில். 1986 ஏப்ரலில் அங்கே வெடித்த உலையிலிருந்து கதிரியக்க அயோடின் புல்லில் விழுந்து, மாட்டின் பாலில் இறங்கி, குழந்தைகளின் கழுத்தில் போய்ச் சேர்ந்தது. இந்தச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். நல்லது எது, கெட்டது எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. பெலாரூஸிலும் உக்ரைனிலும் 1990-க்குப் பிறகு தைராய்டுப் புற்றோடு வந்த குழந்தைகள் அப்படித்தான் வந்தார்கள். சிறு வயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சு, குடும்பத்தில் வந்த சில மரபுகள் என்று உறுதியான காரணங்கள் கொஞ்சமே. மற்றவர்களுக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ‘முட்டைக்கோஸ் அதிகம் தின்றாயா’, ‘டென்ஷன் ஆகிறாயா’ என்று கேட்கும் உறவுகளுக்குக் காரணம் ஒன்று வேண்டியிருக்கிறது. காரணம் கிடைத்தால் தங்களுக்கு வராது என்று நம்பலாம் அல்லவா. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டியோடு இருப்பவளிடம் அவள் தின்றதையும் நினைத்ததையும் விசாரிப்பது கொடுமை.

ஊசிக்குக் காத்திருக்கும் கூடத்தில் பெரும்பாலும் பெண்கள். தைராய்டுப் புற்றே ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு வருகிறது. இந்தச் சுரப்பியை 1656-இல் விவரித்துப் பெயரிட்ட லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன், அதன் வேலைகளில் ஒன்று கழுத்துக்கு, குறிப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, உருட்சியும் அழகும் தருவது என்று எழுதினார். அதன் உண்மையான வேலை தெரிய இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் பெண் கழுத்தின் மேலுள்ள பார்வை இன்னும் அவர் காலத்திலேயே நிற்கிறது. என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், அம்மாவோடு. கல்லூரி முடித்திருப்பாள். அந்த அம்மா என்னிடம் முதலில் கேட்டது புற்றைப் பற்றி அல்ல; “தழும்பு தெரியுமாக்கா?” என்றுதான். பெண் பார்க்க வருகிறார்கள். ஊசிக்கு வந்தது அப்பாவின் அண்ணன் வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஊசியால் தழும்பு வராது என்றேன். அறுவை வந்தால்? கழுத்து மடிப்பில் கோடாக இருக்கும், நாளாக நாளாக மங்கும் என்றேன். அந்தப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு என்ன பயம் என்று யாரும் கேட்டிருப்பதாகத் தெரியவில்லை. நானும் அவள் அம்மாவை வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கினேன்.

ஊசியைப் பற்றி: தோளுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். ஜில்லென்று ஜெல். ஸ்கேன் கருவியை வைத்துக் கட்டியைத் திரையில் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவார்கள். அந்த நேரம் எச்சில் விழுங்கக்கூடாது, பேசக்கூடாது. விழுங்காதே என்று சொன்ன கணத்தில் தொண்டை முழுக்க எச்சில் ஊறும். அதுதான் கஷ்டம், வலி கஷ்டமில்லை. ஊசி உள்ளே முன்னும் பின்னும் சில முறை போய்வரும். வெளியே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்புவார்கள். மறுபடி ஒரு முறை, இன்னொரு முறை. சதைத்துண்டு என்று எதையும் எடுப்பதில்லை. வருவது செல்கள் மட்டும். பத்துச் செல்களாவது உள்ள கூட்டம் ஆறாவது இருந்தால்தான் அந்தத் தகட்டைப் படித்துப் பதில் சொல்லலாம். அறுபது செல்கள். அவற்றை வைத்து ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பைப் பார்த்து, என் பெயருக்கு எதிரே ஓர் எண்ணை எழுத வேண்டும். அவரை நான் பார்க்கப்போவதில்லை. ஆனால் காத்திருந்த நாட்களில் அதிகம் நினைத்தது அவரைத்தான்.

அவர் எழுதும் எண்ணுக்கு பெதஸ்டா முறை என்று பெயர். 2007-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. ஆறு வகை. ஒன்று: செல் போதவில்லை. இரண்டு: தீங்கில்லாதது. ஆறு: புற்று. ஐந்து: புற்றாக இருக்கும் என்ற வலுவான சந்தேகம். நடுவில் மூன்றும் நான்கும் இருக்கின்றன. நான்காம் வகையில் ஃபாலிக்குலர் கட்டிகள். அது புற்றா இல்லையா என்பது செல்லின் முகத்தில் எழுதியில்லை. அது தன் உறையை உடைத்து வெளியே போயிருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. உறையை முழுதாகப் பார்க்கக் கட்டியை முழுதாக எடுக்க வேண்டும். ஊசியால் அதைச் சொல்லவே முடியாது, எத்தனை தேர்ந்த கண்ணாக இருந்தாலும். மூன்றாம் வகை இன்னும் மங்கல். செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஆம், இல்லை என்று இரண்டே பதில்களை எதிர்பார்த்துப் படுக்கையில் ஏறுகிறவரிடம், ஆறு பதில்கள் உண்டு என்று யார் சொல்கிறார்கள்?

பதில்களும் நிலையானவை அல்ல. உறைக்குள் அடங்கி, எங்கும் ஊடுருவாத ஒரு வகைப் பாப்பிலரிக் கட்டியைப் புற்று என்றே எண்ணி வந்தார்கள். நிகிஃபோரோவ் தலைமையில் 7 நாடுகளைச் சேர்ந்த 24 நோயியல் மருத்துவர்கள் அதை மறுபடி ஆராய்ந்தார்கள். அப்படிப்பட்ட கட்டி இருந்த 109 பேரை 10 முதல் 26 வருடங்கள் தொடர்ந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. அனைவரும் உயிரோடு, நோயின் தடயம் இல்லாமல் இருந்தார்கள். 2016-இல் அந்தக் கட்டியைப் புற்றின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அதே கட்டிக்காக முழுச் சுரப்பியையும் இழந்து, கதிரியக்க அயோடின் குடித்து, வீட்டில் குழந்தையைத் தூக்காமல் தனியறையில் இருந்தவர்கள் எத்தனை பேர்.

எல்லாம் சாதுவான கட்டி என்று எழுதிவிட்டால் அது பொய். அனபிளாஸ்டிக் என்ற வகை மிக அரிது, மிகக் கொடியது. அதற்கு வாரக்கணக்கும் மாதக்கணக்கும்தான். அமெரிக்கத் தலைமை நீதிபதி ரென்குவிஸ்டுக்கு 2004 அக்டோபரில் தைராய்டுப் புற்று என்று அறிவித்தார்கள். அடுத்த செப்டம்பரில் அவர் இல்லை. மெடுல்லரி என்று ஒன்று, சில குடும்பங்களில் மரபாக வருவது. வேகமாகப் பெருக்கும் கட்டி, கல்லாக இறுகிய கட்டி, புதிதாகக் குரல் கம்மல், பக்கத்தில் நெறிக்கட்டி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கொரியாவின் கணக்கு இப்படிப்பட்டவர்களுக்கானது அல்ல.

அதேபோல, ‘கேன்சர் வரணும்னா இந்த கேன்சர்தான் வரணும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் டாக்டர்கள் உண்டு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பாப்பிலரிப் புற்று கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முழு ஆயுளும் வாழ்கிறார்கள் என்பது உண்மை. 55 வயதுக்குக் கீழே இருந்தால், தொலைவு உறுப்புகளுக்கே பரவியிருந்தாலும் அதை இரண்டாம் கட்டத்துக்கு மேல் எண்ணுவதில்லை என்ற அளவுக்கு இது தனி வகை. ஆனாலும் அந்தச் சிரிப்பு வேண்டாம். முழுச் சுரப்பியும் போனால் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை, உயிருள்ளவரை. சுரப்பியின் முதுகில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுகள் அடிபட்டால் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்துப்போகும். குரல் நரம்பு அந்த இடத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. வகுப்பெடுப்பவருக்கும் பாடுகிறவருக்கும் மீன் விற்கிறவருக்கும் அது பிழைப்பு.

முழுதாக எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உலகுக்குக் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர். பெர்ன் நகரத்தில் கழுத்துக்கழலைகளை அவரைப்போல ரத்தச் சேதமின்றி எடுக்க ஆளில்லை. 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுச் சுரப்பியையும் எடுத்தார். பிறகு அந்தப் பெண் மாறிப்போனதாக வேறொரு மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது. கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அந்தச் சிறுமி வளரவே இல்லை. முகம் ஊதி, அறிவு மங்கியிருந்தாள். தங்கை அவளைவிட உயர்ந்து நின்றாள். தைராய்டு எதற்கு இருக்கிறது என்பதற்கு அவர்களே விடையாக நின்றார்கள். 1883-இல் கோக்கர் அதை மறைக்காமல் எல்லோர் முன்னும் படித்தார். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியை எடுப்பதை நிறுத்தினார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கைத்திறனைவிட, போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று பார்த்த அந்தச் செயலுக்காகவே நான் அவரை வணங்குகிறேன்.

எனக்கு வந்த பதில் மூன்று. பயமும் போகவில்லை, நிம்மதியும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி போடலாம் என்றார் டாக்டர். எழுந்திருக்கப் போனவரிடம் கேட்டேன்: “மறுபடி இதே வந்தா என்ன செய்வீங்க? புத்துன்னே வந்தா என்ன செய்வீங்க? அத இப்பவே சொல்லுங்க.” அவர் உட்கார்ந்தார். மறுபடி மூன்று வந்தால் வலது பாதியை மட்டும் எடுத்து முழுதாகப் பார்க்கலாம், அல்லது ஸ்கேனில் தொடரலாம், அதை நாம் இருவரும் பேசி முடிவெடுக்கலாம் என்றார். பாப்பிலரி என்றே வந்தாலும், இந்த அளவில் நெறிக்கட்டிகளுக்குப் போகாமல் இருந்தால் பாதிச் சுரப்பியை எடுத்தால் போதும். மீதிப் பாதி வேலை செய்தால் மாத்திரைகூடத் தேவைப்படாமல் போகலாம். கதிரியக்க அயோடின் வேண்டியிராது என்றார். ஒரு தாளில் கழுத்தை வரைந்து, எந்தப் பக்கம், எங்கே வெட்டு, நரம்பு எங்கே என்று காட்டினார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அதை மைனியின் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மைக்கு இதுபோல ஒருத்தரும் வரஞ்சு காட்டல்ல” என்றார்.

டாக்டருடனான அந்தப் பேச்சுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதில் இருந்த எதுவும் ஊசியின் பதில் வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்பதாக இல்லை. வெளியே வந்து, கூடத்தில் ஊசிக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ரத்தக்கசிவு வரலாம், வீக்கம் வரலாம் என்ற படிவத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னென்ன பதில் வரலாம், வந்தால் என்ன செய்வோம் என்று ஒருவரிடமும் யாரும் பேசியிருக்கவில்லை.